பழைய கிட்டங்கியை இடிப்பதற்கு முன்

காலிக் கோட்டைக்குள் துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலால் நுழைகின்றவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு கட்டிடத்தின் வயிற்றுக்குள்ளால்தான் நடந்து போகிறோம் என்பது தெரிவதில்லை. வாசலுக்கு வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் அரச இலச்சினை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை, இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. காலி என்ற பெயரை லத்தீன் மொழியில் சேவலைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக் கொண்டதால் வந்த சேவல் அது. இன்று எல்லோரும் பாவிக்கின்ற மணிக்கூட்டுக் கோபுரப் பக்கத்து வாசல் 1873இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கோட்டைக்குள் போன ஆளும் சாமானும் இந்தப் பழைய வாசலால்தான் போக வேண்டும். அந்த வாசலை நடுவில் வைத்துக் கொண்டு இரண்டு பக்கமும் மதிலோடு நீண்டு கிடக்கும் மாடிக் கட்டிடத்தைத்தான் ‘பெரிய பண்டகசாலை’ என்கிறார்கள். நமது வியாபாரப் பாஷையில் சொன்னால் கிட்டங்கி.

1670களில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இந்தக் கிட்டங்கியைப் பற்றி ஒரு வியாபாரப் பத்தியில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். பழைய கட்டிடம் என்றால் அது தொல்பொருள் திணைக்களத்தின் வேலை, பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா போகும் இடம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் முஸ்லிம்களின் கையில் எத்தனை பழைய கிட்டங்கிகள் இருந்தன, இன்றும் எத்தனை இருக்கின்றன என்பதைப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும், தெற்கில் காலி, வெலிகம, மாத்தறைப் பக்கமும், கிழக்கின் கடைத்தெருக்களிலும் நடந்தவர்கள் அறிவார்கள். கொப்பரா, பாக்கு, கறுவா, மிளகு, அரிசி, புடவை எல்லாம் நிறைந்து கிடந்த அந்தக் கட்டிடங்கள் இன்று ஒன்றில் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடித்தவர்கள் எல்லோரும் இலாபம் கண்டார்களா என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்தக் காலிக் கிட்டங்கியின் கணக்கைப் பார்ப்போம். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனிக்கு இங்கே வேண்டியிருந்த முதற்சரக்கு கறுவா. அன்றைக்கு உலகச் சந்தைக்கான நல்ல கறுவா இலங்கையிலிருந்துதான் போனது. அதைக் கம்பனியைத் தவிர வேறு எவரும் வாங்கவோ விற்கவோ முடியாது. திருட்டுக் கறுவா வியாபாரத்துக்கு மரண தண்டனை வரை சட்டம் வைத்திருந்தார்கள். தரம் பிரிப்பதற்குக் கம்பனியின் வைத்தியர்களே பட்டையை மென்று பார்த்தார்கள், நாள் முழுக்க மென்று வாய் புண்ணாகிப் போன கதையை அக்காலத்தில் வந்த பயணி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கப்பலில் ஏற்றும்போது கறுவாக் கட்டுகளுக்கு இடையில் கறுப்பு மிளகைக் கொட்டி நிரப்புவார்கள். ஈரத்தை மிளகு இழுத்துக் கொள்ளும், வெற்றிடமும் வீணாகாது, ஒரே கூலியில் இரண்டு சரக்கு போய்ச் சேரும். இதைப் படித்தபோது, நமது நாட்டாமைகள் லொறியில் மூட்டைகளுக்கிடையில் சின்னச் சாமான்களைச் சொருகுவதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நமது முன்னோர்களுக்கு அந்தக் கிட்டங்கி நல்ல அயலவனாக இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் முஸ்லிம்கள் மீது ஊழியம் என்ற கட்டாய வேலை சுமத்தப்பட்டது. வியாபாரத்துக்கும் குடியிருப்புக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. கம்பனியின் பூட்டுக்கு வெளியில் நின்றுதான் நமது ஆட்கள் புடவையும் பாக்கும் விற்றுப் பிழைத்தார்கள். இன்று அந்தப் பூட்டும் இல்லை, கம்பனியும் இல்லை. 1602இல் தொடங்கிய அந்த மாபெரும் கம்பனி கடனில் மூழ்கி 1799இல் மூடப்பட்டது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1796இல், காலியை ஆங்கிலேயர் எடுத்துக் கொண்டார்கள். 1833இல் கறுவா ஏகபோகமும் முடிவுக்கு வந்தது.

ஆனாலும் கிட்டங்கி நின்றது. நிற்பதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல, அதைக் கட்டிய முறை. முருகைக்கல்லும் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய தடித்த சுவர். வெயில் உள்ளே வருவதற்குள் பின்னேரமாகிவிடும். சிறிய, கம்பி போட்ட யன்னல்கள் கள்ளனையும் தடுக்கும், மழைச்சாரலையும் தடுக்கும், காற்றை மட்டும் விடும். சாய்வான உயரக் கூரை சூட்டை மேலே கொண்டு போய்விடும். கரண்டும் ஏசியும் இல்லாத காலத்தில், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கின்ற ஒரு சரக்கை, கப்பல் வரும் வரை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய தேவையிலிருந்து பிறந்த கட்டிடம் அது. இன்று ஒரு குளிரூட்டிய களஞ்சியத்தின் மாதாந்த மின்சாரப் பட்டியலைக் கட்டுகின்ற சகோதரர்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

காலியின் வியாபாரத்தை உண்மையில் படுக்க வைத்தது கறுவா அல்ல, கொழும்புத் துறைமுகம். 1842இலிருந்து பீ அண்ட் ஓ நீராவிக் கப்பல்கள் காலிக்கு வந்தன. கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பயணிகளுக்கு மாணிக்கக்கல் விற்றே கோட்டை முஸ்லிம் குடும்பங்கள் பல பெயர் எடுத்தன. மாக்கான் மாக்கார் நிறுவனமும் 1860இல் காலியில் தொடங்கியதுதான். 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1885இல் அது முடிந்தது. பாறைகள் நிறைந்த காலித் துறைமுகத்துக்கு வருவதைவிடக் கொழும்பில் நங்கூரம் போடுவது கப்பற்காரனுக்கு லேசாகிவிட்டது. சில வருடங்களில் கப்பல்கள் போயின, பின்னால் மாணிக்க வியாபாரிகளும் பெட்டியைக் கட்டிக் கொண்டு கொழும்புக்குப் போனார்கள். கிட்டங்கிக்கு மட்டும் போக முடியவில்லை.

நூறு வருடம் கழித்து அதே கதை கொழும்பிலும் நடந்தது. 1980களில் கொள்கலன் முனையங்கள் வந்ததும், மூட்டை மூட்டையாக இறக்கிக் கிட்டங்கியில் அடுக்கி வைக்கும் வியாபாரம் குறையத் தொடங்கியது. நாற்பது அடிக் கொள்கலன் நாலாம் குறுக்குத் தெருவுக்குள் திரும்ப முடியாது. சாமான் நகரத்துக்கு வெளியிலேயே இறங்கிச் சிறு லொறியில் கடைக்கு வருகிறது. மெனிங் சந்தையே பேலியகொடைக்குப் போய்விட்டது. சரக்கு ஓரிடத்தில் தங்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய வியாபாரம். ஆகவே பழைய கிட்டங்கி வெறுமையானதற்கு அதன் சொந்தக்காரரின் கெட்டித்தனக் குறைவு காரணமல்ல. வெறுமையான பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது.

காலியில் அரசாங்கம் செய்தது அருங்காட்சியகம். 1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமையாக அறிவித்தது. 1992இல் பெரிய பண்டகசாலைக்குள் கடல்சார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கோட்டையின் பெரும்பகுதியை மதில்கள் காப்பாற்றின, ஆனால் துறைமுகப் பக்கமாக இருந்த இந்த இடத்தை நீர் விட்டுவைக்கவில்லை. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற கப்பலிலிருந்து சுழியோடிகள் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த பொருட்களிலும் ஒரு பகுதி மீண்டும் கடலுக்கே போனது. பின்னர் நெதர்லாந்தின் உதவியோடு கிட்டங்கி திருத்தப்பட்டு 2010இல் கடல்சார் தொல்பொருட்களோடு மீண்டும் திறக்கப்பட்டது. பொருட்கள் போன இடத்திலும் சுவர் நின்றதைக் கவனியுங்கள்.

(பழைய பொருளை மறுபடி பாவிப்பதில் காலிக்காரரை மிஞ்ச முடியாது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டு வந்த, 1409ஆம் ஆண்டு திகதியிட்ட, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது கானுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.)

அருங்காட்சியகம் நல்ல காரியந்தான். ஆனால் வியாபாரிக்கு அது வழியல்ல. நுழைவுச் சீட்டு விற்று ஒரு குடும்பம் கூரையைப் பராமரிக்க முடியாது. நமக்குப் பொருத்தமான உதாரணங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று பத்து வருடத்துக்கும் மேலாகக் கைவிடப்பட்டுக் கிடந்தது. தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் சேர்ந்து அதைத் திருத்தி 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அங்கே எனக்குப் பிடித்தது கீழே இருக்கும் பழைய இயந்திரங்கள் அல்ல. மேல்தளங்களில் தேயிலைக் கடைகளும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருப்பதுதான். பார்க்க வருகிறவன் வாங்காமல் போவதில்லை.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலையின் கதை இன்னும் சுவையானது. மூடிக்கிடந்த அந்தத் தகரக் கட்டிடத்தை எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் எடுத்து 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. வேறு ஆளென்றால் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு நாலு மாடி கொங்கிரீட்டில் எழுப்பியிருப்பார். இவர்கள் வெளித்தோற்றத்தில் கை வைக்கவில்லை. கொழுந்து வாட்டிய மேல்தட்டுகளை அறைகளாக்கினார்கள். வரிசையாக இருந்த யன்னல்களை அப்படியே விட்டார்கள். பழைய இயந்திரத்தைக் கூட இரும்புக் கடைக்குப் போடாமல் விருந்தினர் கண்ணில் படும்படி வைத்தார்கள். நுவரெலியாவில் ஹோட்டலுக்குக் குறைவா? அத்தனை ஹோட்டல்களையும் தாண்டி அந்தக் குளிர் மலைக்கு மேலே ஆட்கள் போவது தொழிற்சாலைக்குள் படுக்கலாம் என்ற ஒரே புதுமைக்காகத்தான். எவரும் பணம் கொடுத்துக் கட்ட முடியாத விளம்பரம் அந்தக் கட்டிடத்தின் பழமைதான்.

கொழும்புக் கோட்டையில் 1681க்கு முன்பே இருந்த ஒல்லாந்தர் வைத்தியசாலை பல காலம் பொலிஸ் நிலையமாக இருந்தது, 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்து கிடந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபை அதைத் திருத்தி 2011இல் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கொடுத்தது. மருதானையில் திரிப்போலி மார்க்கட் என்று நாம் அறிந்த பழைய களஞ்சியங்கள் 2010களில் கணினி நிறுவனங்களின் அலுவலகங்களாகின. இது நான் மிக விரும்பும் உதாரணம். ஏனென்றால் அங்கே வாடகை கொடுப்பவன் உல்லாசப் பயணி அல்ல, மாதா மாதம் சம்பளம் கொடுக்கின்ற ஒரு கம்பனி. கொச்சிக்கு மிளகு, ஏலம் வியாபாரமாகப் போய் வந்தவர்களுக்கு அஸ்பின்வால் கட்டிடம் தெரிந்திருக்கும். 1867இல் தொடங்கிய அந்த வியாபார நிறுவனத்தின் கடலோரக் கிட்டங்கிகளில் 2012இலிருந்து பெரிய ஓவியக் கண்காட்சி நடத்துகிறார்கள். மிளகு மூட்டை இருந்த இடத்தில் படம் மாட்டினால் யார் வருவார் என்று கேட்டவர்கள் உண்டு. கண்காட்சி நடக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். நமது கிட்டங்கிகள் ஏன் இப்படிப் பாழாகின்றன? இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று வாடகைச் சட்டம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பழைய வாடகைக்காரர்கள், தேநீர்ச் செலவுக்கும் காணாத வாடகையைக் கட்டிக் கொண்டு தலைமுறைகளாக இருந்தார்கள். எழுப்பவும் முடியாது, வாடகையைக் கூட்டவும் முடியாது என்றால் எந்தச் சொந்தக்காரன் ஓடு மாற்றுவான்? வாடகைக்காரனும் மாற்ற மாட்டான், அது அவனுடையதல்லவே. இருவருக்கும் நடுவில் மழை உள்ளே வந்தது. ஏழை வாடகைக் குடும்பத்தைத் தெருவில் விடாமல் காப்பாற்றிய சட்டம் அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் புறக்கோட்டையின் பல கூரைகள் அதன் கீழேதான் இற்றுப் போயின.

மற்றது, நாமாகச் செய்து கொள்வது. வாரிசுரிமை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமற்ற உரிமைக் கட்டளைச் சட்டப்படி சொத்து மார்க்கச் சட்டத்துக்கு அமையப் பிரிகிறது. பங்கு நியாயமானது, அதில் எவருக்கும் கேள்வி இல்லை. பிழை, பங்கைச் சுவராக எழுப்புவதில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். பதினாறு பேர்ச் நிலத்தில் ஒரு கிட்டங்கி. சொந்தக்காரர் வபாத்தாகிறார். மனைவி, மூன்று ஆண், இரண்டு பெண் மக்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது இரண்டு பேர்ச். மீதி பதினான்கில் ஆண்மக்களுக்கு ஆளுக்கு மூன்றரை, பெண்மக்களுக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால் பேர்ச். ஒன்றே முக்கால் பேர்ச் என்பது 476 சதுர அடி. அதற்குப் பாதையும் விட்டால் ஒரு சில்லறைக் கடைக்கும் காணாது. அடுத்த தலைமுறையில் அந்த ஒன்றே முக்காலும் நாலாகும். ஒரே கூரையாக இருந்தபோது ஒரு கம்பனிக்கு வாடகைக்குக் கொடுக்கக்கூடிய கட்டிடம், ஐந்தாறு துண்டாகிய பிறகு எவருக்கும் வேண்டாத கட்டிடம். பிறகு பாகப்பிரிவினை வழக்கு. வழக்கு முடிவதற்குள் கறையான் தன் பங்கை எடுத்துக் கொள்ளும், அதற்குச் சட்டத்தரணியும் தேவையில்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒரு கிட்டங்கி இருக்கிறது. தென்பகுதி ஊர் ஒன்றில் வாப்பாவும் பெரியவாப்பாவும் சேர்ந்து கொப்பராவும் தும்பும் அடுக்கிய இடம். எங்கள் காலத்துக்கு வரும்போது பங்காளிகள் பத்தொன்பது பேர், அதில் மூவர் வெளிநாட்டில். இடித்து விற்போம் என்றார்கள் பலர். ஒரு வாங்குநர் கையில் முற்பணத்தோடு வாசலில் நின்றார். நான் கேட்டது ஒன்றைத்தான்: நிலத்தின் விலைக்குத்தானே அவர் கேட்கிறார், கட்டிடத்துக்கு என்ன கொடுக்கிறார்? ஒன்றும் இல்லை, இடிக்கிற செலவைக்கூட விலையில் கழித்திருந்தார். அப்படியென்றால் அரையடி தடித்த பாலை மரத் தீராந்திகளும் அந்தச் சுவர்களும் சும்மா போகின்றன. பங்காளிகள் எல்லோரையும் இணங்க வைக்க இரண்டரை வருடம் போனது. கடைசியில் மூத்த தாத்தாதான் வாய் திறந்தார். “விற்ற காசை ஆளுக்கொரு பக்கமாகச் செலவழிச்சிருவீங்க, கிட்டங்கி இருந்தா மாசம் ஏதாவது வரும்” என்றார். அவருடைய பங்குதான் மிகச் சிறிய பங்குகளில் ஒன்று, ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் ஒரு தனியார் கம்பனி பதிந்து, காணியை அதன் பெயரில் மாற்றி, ஒவ்வொருவருக்கும் மார்க்கப்படி வந்த பங்கின் அளவுக்கே பங்குப் பத்திரம் கொடுத்தோம். பெண்மக்களுக்கு இதனால் வந்த நன்மையை நான் கண்ணால் பார்த்தேன். முன்பெல்லாம் “உன் பங்கு எங்கள் கையில் இருக்கிறது” என்று சொல்லிச் சொல்லியே ஒன்றும் கொடுக்காமல் விடுவார்கள். இப்போது வாடகை வங்கிக்கு வருகிறது, அவரவர் கணக்குக்குப் பிரிந்து போகிறது. கிட்டங்கியின் ஒரு பாதி பாடசாலைப் புத்தக விநியோகஸ்தர் ஒருவருக்கு, மற்றப் பாதி சிறிய வைபவ மண்டபம். திருத்த வேலைக்குக் கடன் கேட்டுப் போன இடத்தில் ஒரு வங்கி, பழைய கட்டிடத்துக்குப் பெறுமதி போட மாட்டோம், இடித்துப் புதிதாகக் கட்டுவதென்றால் வாருங்கள் என்று திருப்பி அனுப்பியது. கைக்காசாலும் முதல் வருட வாடகை முற்பணத்தாலும்தான் கூரையை முடித்தோம். வங்கிகள் இந்தப் பார்வையை மாற்றாவிட்டால் பழைய கட்டிடம் வைத்திருக்கும் சிறு வியாபாரி இடிப்பதைத் தவிர வேறு வழி தேட மாட்டார்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவை வந்தால் விற்கத்தான் வேண்டும். ஆனால் காலிக் கோட்டையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2002இல் வெளிநாட்டவர் காணி வாங்கும்போது கட்ட வேண்டிய நூறு வீத வரி நீக்கப்பட்டது. 2004 இறுதியில் அந்த வரி மீண்டும் வந்தது. பிறகு 2014இல் வந்த சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதையே பெருமளவு தடுத்தது. அந்த இடைவெளியில் கோட்டைக்குள் பல பழைய வீடுகள் கைமாறின. விற்றவர்களுக்கு அன்று அது நல்ல விலையாகத்தான் தெரிந்தது. வாங்கியவர்கள் சுவரைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, முற்றத்தில் நாலு கதிரை போட்டு, ஓரிரவு அறை வாடகையாக டொலரில் வாங்கினார்கள். அவர்கள் புதிதாக ஒன்றையும் கட்டவில்லை. நமது ஆட்கள் ‘இடிந்து விழப் போகிறது’ என்று சொன்ன அதே சுவர்தான்.

அதற்காக எல்லோரும் கிட்டங்கியைக் கோப்பிக் கடையாக்க வேண்டாம். 2019 ஏப்ரல் தாக்குதல், 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று மூன்று வருடத்தில் மூன்று அடி வாங்கியது உல்லாசப் பயணத்துறை. அதை மட்டுமே நம்பிக் கடன் எடுத்தவர்களின் நிலையை எல்லோரும் கண்டோம். உள்ளூர் வாடிக்கையாளரை வைத்து ஓடக்கூடிய பாவனைதான் நிலைக்கும். கணினி அலுவலகம், தையல் வேலைத்தலம், பிரத்தியேக வகுப்பு, தளபாடக் காட்சியறை, கறுவா, மிளகு பொதி செய்யும் இடம் என்று எத்தனையோ இருக்கின்றன. கறுவாவைப் பொதி செய்யப் பழைய கறுவாக் கிட்டங்கியைவிடத் தகுந்த இடம் எது?

வேலை தொடங்குகின்றவர்களுக்குச் சில விடயங்கள். கூரையிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை பூசுவதும் பெயர்ப்பலகை போடுவதும் கடைசி வேலை. ஓட்டைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் போட்டால் செலவு குறையும், ஆனால் உள்ளே பகலில் நிற்க முடியாது, பிறகு ஏசிக்குக் கட்டுகின்ற காசில் இரண்டு முறை ஓடு போட்டிருக்கலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூச விடாதீர்கள். பாஸ்மார் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள், அவர்களுக்குப் பழக்கமான வேலை அது. பழைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக் கொண்டிருக்கும். சீமெந்து அதை அடைத்துவிட, ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, இரண்டு மாரிக்குள் பூச்சோடு கல்லும் சேர்ந்து கழன்று விழும். சுண்ணாம்பு நீறவைத்துப் பூசத் தெரிந்த முதிய பாஸ் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், கூலி கூடக் கேட்டாலும் கொடுங்கள். காலிக் கோட்டைக்குள் என்றால் ஒரு யன்னலை மாற்றுவதற்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மற்ற ஊர்களில் களஞ்சியத்தைக் கடையாகவோ மண்டபமாகவோ மாற்றுவதற்கு உள்ளூராட்சி சபையில் பாவனை மாற்ற அனுமதி எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத் தொடங்கி, திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்த பிறகு சபைக்கு ஓடியவர்களை நான் அறிவேன்.

வாடகைக்குக் கொடுக்கும்போது இரண்டு வருட ஒப்பந்தம் என்ற நமது வழக்கம் இதற்குச் சரிவராது. திருத்த வேலைக்குத் தன் காசைப் போடுகின்ற வாடகைக்காரனுக்கு ஐந்து, பத்து வருடமாவது வேண்டும். அதை நொத்தாரிசு முன்னால் உறுதியாக எழுதிப் பதிவு செய்யுங்கள். கூரை யாருடைய பொறுப்பு, பீலி அடைத்தால் யார் துப்புரவு செய்வது, சுவரில் துளை போடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும், போகும்போது அவன் போட்ட மின்குமிழையும் தளபாடத்தையும் கழற்றிக் கொண்டு போகலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கள் கிட்டங்கி உறுதியில் பீலிக்கு மட்டும் தனியாக ஒரு பந்தி இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, மேயிலும் ஒக்டோபரிலும், மழைக்கு முன்.